லே நகரைப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

லடாக் போகிறவர்களில் பலருக்கு லே என்பது பையை இறக்கிவைக்கும் இடம், அவ்வளவுதான். விமானத்தில் வந்து இறங்கி, ஓர் இரவு தூங்கி, மறுநாளே பாங்காங் ஏரிக்கோ நூப்ராப் பள்ளத்தாக்குக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். ஏரிக்கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பியதும், "லேயில் என்ன இருக்கிறது, ஒரு கடைத்தெருதானே?" என்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். விடுப்பு ஆறேழு நாள்தான் என்றால் ஏரியை விட்டுவிடுங்கள், நகரத்தை விடாதீர்கள்.

லே ஒரு குளிர்ப் பாலைவன நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆண்டு முழுக்கச் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. பனிமலை உருகி வரும் ஓடைத் தண்ணீரை வைத்து வயலும் வீடும் நடக்கின்றன. இங்கே எதை எப்போது பார்ப்பது என்பதை முடிவு செய்வது நம் ஆசை அல்ல, நம் நுரையீரல். அதனால் கீழே இடங்களைப் புகழ் பார்த்து அடுக்காமல், உடம்பு தாங்கும் வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சரியான காலம். ஆப்ரிகாட் பழம் சாப்பிட ஆசை என்றால் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட். கூட்டம் குறைந்து வானம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும், குழாயில் தண்ணீர் உறையும், தங்கும் விடுதிகளில் பாதி பூட்டியிருக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

எப்படிப் போவது? நேரம் இருந்தால் ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போவதே உடம்புக்கு நல்லது. சுமார் 420 கிலோமீட்டர். சோஜி லா கணவாய் தாண்டி, கார்கிலில் ஓர் இரவு தங்கினால் உயரம் படிப்படியாகப் பழகும். மணாலி வழி அழகுதான், ஆனால் நடுவில் இரவு தங்கும் சர்ச்சுவே 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. லேக்கே இன்னும் பழகாத உடம்பு அதைவிட உயரத்தில் தூங்க வேண்டியிருக்கும். அந்த வழியைத் திரும்புகிற பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் டெல்லி போய் அங்கிருந்து விமானத்தில்தான் போவோம். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரப் பயணம். லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும், வெயிலேறினால் ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலியும். வானிலை சரியில்லை என்று ரத்தாவதும் சகஜம். அதனால் முந்தைய இரவே டெல்லியில் தங்கி, முதல் விமானத்தைப் பிடிப்பது உத்தமம்.

கைபேசி விஷயத்தில் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேலை செய்யும். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், நெட்வொர்க் போனால் யுபிஐயும் போய்விடும்.

அனுமதிச் சீட்டைப் பற்றி வீண் பயம் வேண்டாம். லே நகரம், அதன் சுற்றுவட்டாரத்தில் நாம் பார்க்கப்போகும் ஷே, திக்சே, ஹெமிஸ், ஆல்ச்சி ஆகியவற்றுக்கு எந்தச் சீட்டும் தேவையில்லை. நூப்ரா, பாங்காங் போன்ற எல்லைப் பகுதிகளுக்குத்தான் விதிமுறைகள். இந்தியர்கள் லடாக் நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அல்லது வேறு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதிகளுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதை லேயிலுள்ள பதிவு பெற்ற பயண முகவர் மூலம்தான் வாங்க முடியும்.

துணிமணி: ஒரே தடித்த கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடைகள் மேல். வெயிலில் வியர்க்கும், நிழலுக்கு வந்தால் நடுங்கும். சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாசலின், கருப்புக் கண்ணாடி, தொப்பி ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உரிந்து ஊர் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு நாள்: படுத்துக்கொள்ளுங்கள்

இறங்கியதும் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. சிரமம் பெரும்பாலும் அன்று மாலையோ இரவோதான் தலைகாட்டும். லேயில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கம் வராமல் புரள்வது எல்லாம் வரலாம். இதுதான் உயர நோய். தினமும் ஓடுகிற இளைஞரைப் படுக்க வைத்துவிட்டு, அவருடைய அம்மாவைச் சும்மா விட்டுவிடும். உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

செய்ய வேண்டியவை சாதாரணமானவை. பெட்டியை நீங்களே மூன்றாம் மாடிக்குத் தூக்காதீர்கள். அடிக்கடி தண்ணீர், சூப், வயிற்றுக்கு லேசான சாப்பாடு. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. பகலில் ரொம்ப நேரம் தூங்காமல் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். டயமாக்ஸ் மாத்திரை பலருக்கு உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து அளவும் நாளும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டால் விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நேராக எஸ்.என்.எம். மருத்துவமனைக்குப் போங்கள். நகரத்திலேயே இருக்கிறது, இந்த நோயாளிகளைத் தினமும் பார்க்கிற இடம்.

இரண்டாம் நாள் மாலை: கடைவீதி

உடம்பு ஒத்துழைத்தால் மெயின் பஜாருக்கு மெதுவாக நடந்து வாருங்கள். வண்டிகள் போகாத, கல் பாவிய தெரு. மேலே நிமிர்ந்தால் அரண்மனை. நடைபாதை ஓரத்தில் கோஞ்சா என்ற நீண்ட அங்கி அணிந்த பெண்கள் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்பார்கள். டர்னிப், கேரட், கீரை, பட்டாணி, பருவத்தில் ஆப்ரிகாட். 'ஜூலே' என்று லடாக்கியில் வணக்கம் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன்னும் கேளுங்கள். ரக்ட்சே கார்ப்போ என்றொரு ஆப்ரிகாட் ரகம் உண்டு. கொட்டை வெள்ளையாக இருக்கும், சதை தேன். புவிசார் குறியீடு பெற்ற ரகம். கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

இந்தத் தெருவின் பின்னணி தெரிந்தால் நடை இன்னும் சுவைக்கும். மத்திய ஆசியாவின் யார்கண்டுக்கும் காஷ்மீர், பஞ்சாபுக்கும் நடுவில் காரகோரம் கணவாய் வழியே வணிகக் கூட்டங்கள் போய்வந்த காலத்தில் லே அவர்களுடைய பெரிய சந்தை. 1940களின் கடைசியில் அந்தப் பாதை அடைபட்டது. அந்தக் கலப்பு இன்னும் இங்கே கண்ணில் படும். தெருவின் தலைப்பில் 17ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஜும்மா மசூதி, அருகில் குருநானக் பெயர் சொல்லும் மரத்தோடு தாத்துன் சாஹிப் குருத்வாரா, சற்றுத் தள்ளி பௌத்தர்களின் சோக்காங் விகாரை, இன்னும் கொஞ்சம் நடந்தால் 1885-ல் வந்த மொரேவியன் மிஷனரிகளின் தேவாலயம். எல்லாம் நடை தூரம்.

மசூதிக்குப் பின்னால் ரொட்டி சுடுபவர்களின் சந்து இருக்கிறது. இதைத் தவறவிடாதீர்கள். புகை படிந்து கறுத்த சின்னக் கடைகள். ஒருவர் மாவை உருட்டித் தட்ட, இன்னொருவர் குனிந்து தந்தூரின் உள்சுவரில் ஒட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் இரும்புக் கம்பியால் கொக்கி போட்டு எடுத்து மூங்கில் தட்டில் வீசுகிறார். காலையில் ஊர்க்காரர்கள் துணிப்பையில் அள்ளிப் போவார்கள். சூடாக வாங்கி, வெண்ணெயும் ஆப்ரிகாட் ஜாமும் தடவினால் விடுதியின் காலை உணவு தேவையில்லை. அதே பக்கம் உள்ள மத்திய ஆசிய அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். வணிகக் கூட்டங்கள் வந்து தங்கிய பழைய தோட்டத்தில், கல் கோபுரம் மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

பஷ்மினா சால்வை விற்கும் கடைகள் நிறைய. சாங்தாங் மேட்டு நில ஆடுகளின் அடிமயிரில் நெய்தது உண்மையான பஷ்மினா, விலை ஆயிரங்களில்தான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது வேறு ஏதோ. குளிருக்கு அதுவும் போதும், ஏமாறாமல் வாங்கினால் சரி.

மூன்றாம் நாள்: மேற்கே, ஆல்ச்சி வரை

வழக்கமாக முதலில் அரண்மனைக்குத்தான் ஏறச் சொல்வார்கள். நான் மூன்றாம் நாள் ஆல்ச்சிக்குப் போகச் சொல்வேன். காரணம் எளிது: சிந்து நதி மேற்கே இறங்கி ஓடுகிறது, ஆல்ச்சி லேயைவிட முந்நூறு, நானூறு மீட்டர் தாழ்வு. தூரம் 65 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காரில் உட்கார்ந்து போகும் நாள், நடை குறைவு.

டாக்ஸிக்கு யூனியன் நிர்ணயித்த கட்டணப் பட்டியல் உண்டு. அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கையும் டாக்ஸியையும் இங்கே சுற்றிப் பார்க்க ஓட்டினால் உள்ளூர்க்காரர்கள் நிறுத்துவார்கள். லேயில் எடுத்ததாக இருக்கட்டும்.

வழியில் பத்தர் சாஹிப் குருத்வாரா, ராணுவத்தினர் பராமரிப்பது. தேநீர் கொடுப்பார்கள். அடுத்து மேக்னெட்டிக் ஹில். வண்டியை நியூட்ரலில் போட்டால் மேட்டில் தானாக ஏறும் என்பார்கள். காந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள சரிவுகள் நம் கண்ணை ஏமாற்றுகின்றன, உண்மையில் அது இறக்கம். ஐந்து நிமிடம் போதும். அப்புறம் நிம்மு, சிந்துவும் சன்ஸ்கார் நதியும் கூடும் இடம். மேலே சாலையிலிருந்தே இரண்டு நிறத் தண்ணீர் கலக்காமல் கொஞ்ச தூரம் ஓடுவது தெரியும். பாஸ்கோவில் மண்கோட்டை பாதி கரைந்து நிற்கிறது. உள்ளே வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் பெரிய சிலைகள். அவசரம் என்றால் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆல்ச்சியில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். மற்ற மடாலயங்கள் மலை முடியில் உட்கார்ந்திருக்க, இது ஆற்றங்கரையில், ஆப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் மண் வீடு மாதிரி இருக்கிறது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை காஷ்மீரக் கலைஞர்கள் தீட்டிய ஓவியங்கள் உள்ளே. காஷ்மீரில் அந்தப் பாணி அழிந்துபோய்விட்டது, அதைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலுக்குள் நுழைந்ததும் உடனே எதையும் தேடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். மூன்று சுவர் மாடங்களில் மூன்று போதிசத்துவர்கள், ஆளைவிட இருமடங்குக்கும் மேல் உயரம், தலை மேல்தளத்துக்குள் போய்விடுகிறது. அவர்கள் கட்டியிருக்கும் வேட்டியைப் பாருங்கள். அவலோகிதேசுவரரின் வேட்டி முழுக்க அந்நாளைய கோயில்களும் மாளிகைகளும், சின்னச் சின்ன மனிதர்களும். மைத்ரேயரின் வேட்டியில் வட்டம் வட்டமாகப் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுசிறியின் வேட்டியில் 84 சித்தர்கள். விரலளவு உருவங்களில் முகபாவம்கூடத் தெரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனால்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திரும்பும் வழியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தின் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். கார்கில் போரும் சியாச்சினும் முக்கியம். சியாச்சினில் வீரர்கள் அணியும் உடைகளைப் பார்த்த பிறகு நம் குளிர்க் கோட்டைப் பற்றிப் புகார் சொல்ல வாய் வராது.

நான்காம் நாள்: அரண்மனையும் சாந்தி ஸ்தூபியும்

இப்போது ஏறலாம். மசூதிக்குப் பின்னாலிருந்து பழைய நகரத்துச் சந்துகள் வழியாகப் போங்கள். மண்ணும் மரமும் கலந்த வீடுகள், சில இடங்களில் வீட்டுக்கு அடியிலேயே தெரு நுழைந்து போகும். இருபது அடிக்கு ஒருமுறை நின்றாலும் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். லாமோ என்ற கலை அமைப்பு, பாழடைந்த பழைய மாளிகைகளைச் சீராக்கி அரண்மனைக்குக் கீழே மையம் வைத்திருக்கிறது. மூச்சு வாங்க அங்கே உட்காரலாம்.

லே அரண்மனை ஒன்பது அடுக்கு. 17ஆம் நூற்றாண்டில் அரசர் செங்கே நம்கியால் கட்டி முடித்தது. பார்த்தால் திபெத்தின் லாசாவிலுள்ள போத்தலா அரண்மனை நினைவுக்கு வரும், ஆனால் 1645-ல் தொடங்கிய இன்றைய போத்தலாவுக்கு இது மூத்தது. கீழ் அடுக்குகள் லாயமும் கிடங்கும், மேலே அரச குடும்பம். 1834-ல் ஜம்முவின் டோக்ரா படைத் தளபதி ஜொராவர் சிங் படையெடுத்த பிறகு அரச குடும்பம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஸ்டோக் போய்விட, இது வெறுமையானது. இப்போது தொல்லியல் துறையிடம். உள்ளே பழைய அரண்மனைச் சாமான்கள் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். சிறிய வழிபாட்டு அறையும் இருண்ட படிகளும்தான் மிச்சம். தலை இடிக்கும், குனிந்து போங்கள். மொட்டை மாடிக்காகத்தான் இந்த ஏற்றம்: கீழே பாப்ளர் மரங்களும் பச்சை வயல்களும் ஒரு கோட்டில் நின்றுவிட, அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு புல்கூட இல்லாத மணல் நிலம். ஓடைத் தண்ணீர் எட்டும் எல்லை அது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று முறை பார்க்க, சூர்போன் என்ற ஆளைக் கிராமங்களில் நியமிப்பது இங்கே பழைய வழக்கம். மாடியிலிருந்து பார்த்தால் அவருடைய வேலை எவ்வளவு பெரியது என்று புரியும்.

இன்னும் மேலே நம்கியால் ட்செமோ. காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள், பாதி இடிந்த கோட்டை. கால் வலித்தால் டாக்ஸியிலும் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாலை வெயிலுக்கு சாந்தி ஸ்தூபி. ஜப்பானிய பௌத்தத் துறவிகளின் முயற்சியில் கட்டி 1991-ல் தலாய் லாமா திறந்துவைத்த வெள்ளை ஸ்தூபி. நகரின் சாங்ஸ்பா பகுதியிலிருந்து ஐந்நூறுக்கு மேல் படிகள். என்னைக் கேட்டால் கட்டடம் சுமார், காட்சி அபாரம். வண்டியில் ஏறி, இருட்டுவதற்குள் படிகளில் இறங்குங்கள். சாங்ஸ்பாவில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்போ ஸ்க்யூவோ சூடாகக் கிடைக்கும். ஸ்க்யூ என்பது கையால் கிள்ளிப்போட்ட கோதுமை மாவும் காய்கறியும் சேர்ந்த கொழகொழப்பான குழம்பு. இட்லி தேடி அலைவதைவிட வயிற்றுக்கு இது நல்லது. இரவு தாமதமானால் தனியாக நடக்க வேண்டாம். தெருநாய்த் தொல்லை நிஜம்.

ஐந்தாம் நாள்: கிழக்கே, விடியலில்

திக்சே மடாலயத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள், 19 கிலோமீட்டர்தான். இதற்கு டிரைவரிடம் முந்தைய நாளே நேரம் சொல்லிவிட வேண்டும். பிக்குகள் மொட்டை மாடியில் நின்று நீண்ட கொம்புகளை ஊதுவார்கள். பிறகு கூடத்தில் காலைப் பிரார்த்தனை. ஓரமாகச் சுவரை ஒட்டி உட்கார அனுமதிப்பார்கள். கால்களைப் புத்தர் பக்கம் நீட்டாதீர்கள். சின்னப் பையன்கள் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடி வெண்ணெய்த் தேநீர் ஊற்றுவார்கள், ஒருவன் ஓதுகிற நடுவிலேயே பக்கத்துப் பையனை முழங்கையால் இடிப்பான். உப்புத் தேநீர் எல்லோருக்கும் பிடிக்காது. ஒரு வாய் குடித்து வைத்துவிட்டால் கிண்ணம் நிரம்பியே இருக்கும், காலி செய்தால் மறுபடி ஊற்றுவார்கள். பிறகு மைத்ரேயர் சன்னதி: இரண்டு மாடி உயரத்துக்கு 15 மீட்டர் சிலை, 1970-ல் தலாய் லாமா வந்ததன் நினைவாக எழுந்தது. கதவைத் திறந்ததும் எதிரில் நிற்பது முகம் மட்டும்தான்.

திரும்பும் வழியில் ஷே, பழைய தலைநகர். அரண்மனையைவிட அங்குள்ள செப்புப் புத்தரும், சாலையோரம் வெட்டவெளியில் நிற்கும் நூற்றுக்கணக்கான ஸ்தூபிகளும் பார்க்கத்தக்கவை. ஸ்தூபியையும் மந்திரம் செதுக்கிய கல் சுவரையும் நம் கோயில் பிராகாரம் போல வலமாகத்தான் சுற்ற வேண்டும். ஸ்டோக் அரண்மனை அருங்காட்சியகத்தில் அரசியரின் பெராக் இருக்கிறது, நெற்றியிலிருந்து முதுகு வரை நீலப் பச்சைக் கற்கள் பதித்த தலையணி. ஹெமிஸ் 45 கிலோமீட்டர் தள்ளி. ஜூன், ஜூலையில் வரும் அதன் முகமூடி நடனத் திருவிழாவோடு உங்கள் தேதி ஒத்துப்போனால் மட்டும் முழு நாள் ஒதுக்குங்கள்.

கணவாய் கடைசியில்

கர்துங் லா லேயிலிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை, அதனால்தான் பலர் இரண்டாம் நாளே ஏறிவிடுகிறார்கள். உயரம் 5,359 மீட்டர். நெடுங்காலம் அங்கே நின்ற பலகை 18,380 அடி என்றும், உலகிலேயே உயரமான வண்டிப்பாதை என்றும் பெருமை பேசியது. சரியான அளவு சுமார் 17,580 அடிதான். பட்டமும் லடாக்கிலேயே இருக்கும் உம்லிங் லாவுக்குப் போய், 2025-ல் அதே லடாக்கின் மிக் லாவுக்கு மாறிவிட்டது. ஆறாம் நாள் போங்கள். படம் எடுத்து, ஒரு தேநீர் குடித்து, கால் மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள். அங்கே ஓடிப் பிடித்து விளையாடுவதும் பனிக்கட்டி எறிவதும் பாதி வழியில் வாந்தியில் முடியும்.

கடைசி நாளைக் காலியாக விடுங்கள். விமானம் ரத்தானால் அது காப்பாற்றும், ரத்தாகாவிட்டால் ரொட்டிச் சந்துக்கு இன்னொரு காலை கிடைக்கும். டெல்லியிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ அன்றே டிக்கெட் எடுப்பதானால் மாலை விமானமாக எடுங்கள், இரண்டையும் ஒரே முன்பதிவில் வாங்குங்கள். லே விமான நிலையம் சிறியது, பாதுகாப்புச் சோதனை நீளமானது. இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.